காத்திருக்கத் தெரிந்த கருவி

டெர்மினலில் ஒரே ஒரு வரி. அதைத் தட்டியதும், இணையதளங்களைப் பிரவுசரில் தானாகச் சோதித்துப் பார்க்கும் பிளேரைட் நாலு கேள்வி கேட்கிறது: டைப்ஸ்கிரிப்டா ஜாவாஸ்கிரிப்டா, டெஸ்ட்களை எந்த ஃபோல்டரில் வைப்பது, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பு வேண்டுமா, பிரவுசர்களை இப்போதே இறக்கலாமா. யோசிக்காமல் என்டர் தட்டிக்கொண்டே போனாலும் கெடுதல் இல்லை. பொறுமை அதற்கு அப்புறம்தான் தேவைப்படும். குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றும் வரிசையாக இறங்கும். சில நூறு எம்.பி. ஆகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. கணினியில் ஏற்கெனவே குரோம் இருந்தாலும் அதைத் தொடுவதில்லை. தன் பதிப்புக்குப் பொருந்தும் பிரவுசரைத் தானே கொண்டுவருகிறது.

இதே வேலைக்கான பழைய கருவி செலினியத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். இரவோடு இரவாகக் குரோம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அதை இயக்கும் குரோம்டிரைவர் பழைய பதிப்பிலேயே நிற்கும், காலையில் பார்த்தால் அத்தனை டெஸ்ட்டும் சிவப்பு. (2022-இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து செலினியமும் டிரைவரைத் தானே தேடிக்கொள்கிறது; அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.) 2004-இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய கருவி செலினியம். பெயரே ஒரு கிண்டல்: போட்டி நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம்; பாதரச நஞ்சுக்குச் செலினியம் மருந்து! பிளேரைட் வேறு வம்சம். கூகுளில் பப்பட்டியர் என்ற பிரவுசர் இயக்கும் கருவியை உருவாக்கியவர்கள் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய், 2020 ஜனவரியில் வெளியிட்டது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

நிறுவும்போதே கூட வரும் மாதிரிக் கோப்பில் இரண்டு டெஸ்ட்கள். மூன்று பிரவுசர்களிலும் ஓடுவதால் ஆறு. ஜன்னல் எதுவும் திறக்காது. பின்னணியிலேயே ஓடி முடித்து, ‘ஆறும் பாஸ்’ என்று ஒரு வரி வருகிறது.

உண்மையான சோதனை நம் தளத்தில்தான் தொடங்குகிறது. ஒரு சிறு ஆன்லைன் கடை என்று வைத்துக்கொள்வோம். ‘ஆர்டர் பட்டனை அழுத்து’ என்று எழுதினால் பிளேரைட் உடனே பாய்வதில்லை. பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தும் நிலையில் இருக்கிறதா, மேலே ஏதாவது விளம்பரம் மறைக்கிறதா என்று பார்க்கிறது. சறுக்கிக்கொண்டு வரும் பட்டன், அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களில் ஒரே இடத்தில் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. ‘ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்ற செய்தி வந்ததா என்று பார்க்கும்போதும், முதல் பார்வையிலேயே தோல்வி என்று முடிவுகட்டாமல் 5 விநாடிவரை திரும்பத் திரும்பப் பார்க்கிறது. முன்பெல்லாம் இந்த இடத்தில் ‘3 விநாடி தூங்கு’ என்று எழுதுவார்கள். மூன்று போதாமல் ஐந்து, ஐந்து போதாமல் பத்து என ஏறி, முழுச் சோதனையும் முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

கோட்ஜென் என்ற பதிவு வசதி முதல் நாள் மாயமாகத் தெரியும். தளத்தில் கிளிக் செய்யச் செய்ய, பக்கத்து ஜன்னலில் கோட் தானாக விழுகிறது. ஆனால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது, நாம்தான் காட்ட வேண்டும். சரிபார்ப்பே இல்லாத பதிவுகளை அடுக்கி வைத்துவிட்டு ‘டெஸ்ட் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து. பக்கத்தில் ‘கூடையில் சேர்’ என்று இரண்டு பட்டன்கள் இருந்தால், பிளேரைட் முதலாவதை எடுத்துக்கொள்ளாமல் பிழை காட்டி நிற்கிறது. எரிச்சலாக இருந்தாலும் அதுதான் சரி.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. ‘தொடர்க’ என்ற சொல்லின் ‘தொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே எழுத்தாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. கோப்பில் ஒன்று, தளத்தில் மற்றது என்றால், கண்ணெதிரே நிற்கும் பட்டனை 30 விநாடி தேடிவிட்டு ‘காணோம்’ என்று கைவிரிக்கும். இரண்டு பக்கமும், ஒகரக் குறியை ஒரே எழுத்தாக வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

டெஸ்ட் தோற்கும் இடத்தில்தான் பிளேரைட் தன் விலையை, அதாவது நம் நேரத்தை, திருப்பிக் கொடுக்கிறது. டிரேஸ் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது, எந்தக் கோரிக்கை சர்வருக்குப் போனது, கன்சோலில் என்ன கத்தியது என எல்லாம் கிடைக்கும். ஒரு குறை: நிறுவியபடியே விட்டால், தோற்ற டெஸ்ட்டை மறுபடி ஓட்டும்போதுதான் டிரேஸ் பதிவாகும், சொந்தக் கணினியிலோ மறுமுயற்சி எண்ணிக்கை பூஜ்யம். புதிதாக வருபவர் டிரேஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். கான்ஃபிக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்பதை முதல் நாளே சொல்லித் தந்தால் என்ன?

வேறு சில சிக்கல்களும் உண்டு: லினக்ஸில் உபுண்டு, டெபியன் தவிர்த்த வகைகளில் வெப்கிட் முரண்டு பிடிக்கலாம். ஸ்கிரீன்ஷாட் ஒப்பீடும் அப்படித்தான். எழுத்துருவை ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு விதமாக வரைவதால், மேக்கில் எடுத்த படம் லினக்ஸ் சர்வரில் பொருந்தாது. வெப்கிட் என்பது சஃபாரியின் எஞ்சின்தானே தவிர சஃபாரி அல்ல. ஐபோன் என்று தேர்ந்தெடுத்தால் திரை அளவும் தொடுதலும் பிரவுசரின் அடையாளச் சரமும் மாறும், அவ்வளவே. பணம் கட்டும் பக்கத்தையாவது, ஐபோன் வைத்திருக்கும் யாரிடமாவது வாங்கி ஒருமுறை திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.