1.35 தேறினால் தேன் ஆகிவிடுமா?

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, 10 தேறவில்லை என்று அறிவித்தது. நிறுவனங்கள் தந்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த எல்லா அளவுகளுக்குள்ளும் எங்கள் தேன் இருக்கிறது. அந்தப் பதில் பொய்யாக இருந்திருந்தால் வழக்கோடு முடிந்திருக்கும். மெய்யாக இருக்க இடமிருந்ததால்தான் அளவுகோலையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் நாட்டு மருந்துத் துறை அந்தச் சந்தேகத்தை முழுமனதோடு எழுப்பியதாகத் தெரியவில்லை. அதே வாதத்தை இன்றும், மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் அனுபானத்துக்குத் தேன் வாங்கும் இடங்களில் கேட்கிறேன். ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.35-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே சுத்தத் தேன். கைபேசிக் காணொளிகளில் வரும் கண்ணாடித் தம்ளர் வித்தையும் இதுதான். தேன்துளி கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தால் அசல் என்கிறார்கள். வெல்லப்பாகும் அப்படித்தான் அடியில் போய் உட்காரும்.

ஒப்படர்த்திக் கணக்கு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. மருந்தகத்தில் அதற்கு நிகரான எளிய கருவி குறைவு. ஐந்து மில்லி தேக்கரண்டியில் ஏறத்தாழ ஏழு கிராம் தேன் நிற்கும் என்று தெரியாதவர் லேகியத்தில் அளவு பிசகுவார். 850 கிராம் சர்க்கரையில் ஒரு லிட்டர் பாகு காய்ச்சினால் அதன் எடை 1313 கிராம், அதில் தண்ணீர் 463 கிராம் என்று கணக்குப் போட்டுப் பழகிய மாணவருக்கு எடையும் கன அளவும் ஒன்றல்ல என்பது பிறகு மறக்காது. திரவம் ஒற்றைப் பொருளாக இருந்தால் ஒப்படர்த்தி உயிரையே காக்கும். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அந்த நஞ்சின் அடர்த்தி 1.118. மருந்தில் சேர்க்க வேண்டிய புரொப்பிலீன் கிளைக்காலின் அடர்த்தி 1.036. கண்ணுக்கு இரண்டும் ஒரே தெளிந்த திரவம்தான். ஒன்றின் பெயரில் மற்றது பீப்பாயில் வந்தால் தராசும் ஒரு சிறு குப்பியும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கேயும் கருவியின் எல்லை தெரிகிறது. அனுமதிக்கப்பட்ட கலப்பு 0.1 சதவீதம். அந்த அளவு கலந்தால் அடர்த்தியில் வரும் மாற்றம் ஐந்தாவது தசம இடத்தில்தான். எந்த மருந்தகக் குப்பியும் அதைப் பிடிக்காது.

என் மறுப்பு தேனைப் பற்றியது, அது நெடுநாளாக இருப்பது. தேன் ஒற்றைப் பொருள் அல்ல. அதன் ஒப்படர்த்தி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: கரைந்த பொருள் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? கரைந்தது பூவிலிருந்து வந்ததா, ஆலைத் தொட்டியிலிருந்து வந்ததா என்று தராசுக்குத் தெரியாது. நாம் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை இரண்டாவதற்கு எழுதிக்கொள்கிறோம்.

முதல் கேள்விக்காவது சரியான பதில் கிடைக்கிறதா என்று பார்ப்போம். இந்தியத் தரப்பட்டியல் 27 டிகிரியில் ஒப்படர்த்தி 1.35-க்குக் குறையக்கூடாது என்கிறது. அதே பட்டியல் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. 20 சதவீத ஈரமுள்ள தேனின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.40. 18 சதவீத ஈரமுள்ள நல்ல தேன் 100 கிராமில் 10 கிராம் தண்ணீரை ஊற்றுங்கள். ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டிவிடும், ஒப்படர்த்தியோ 1.36-க்கு மேலேயே நிற்கும். அருகருகே அச்சான இரண்டு வரிகளில் ஒன்று இதைத் தள்ளும், இன்னொன்று வாழ்த்தி அனுப்பும். தண்ணீரைப் பிடிப்பதற்கென்றே உள்ள எண் தண்ணீரைக்கூடப் பிடிக்கவில்லை.

பாகு கலந்தால் இன்னும் மோசம். மருந்தியல் வகுப்பில் எல்லாரும் படிக்கும் கலவைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தேன் சுமார் 1.42, சர்க்கரைப் பாகு சுமார் 1.32, வேண்டியது 1.35. விடை: 30 பங்கு தேன், 70 பங்கு பாகு. கலப்படக்காரருக்குத் தனிப் படிப்பு வேண்டாம், நம் பாடப்புத்தகமே போதும். வெறும் சர்க்கரையைச் சுக்ரோஸ் சோதனை பிடித்துவிடும் என்பார்கள். பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் வியாபாரம் சோளப்பாகுக்கும் அரிசிப்பாகுக்கும் போனது. 77 சதவீதத் திடப்பொருள் கொண்ட ஃபிரக்டோஸ் மிகுந்த சோளப்பாகின் அடர்த்தி 1.38, ஒரு துளித் தேனும் சேராமலே அது 1.35-ஐத் தாண்டிவிடும். 2020 விசாரணையில் பாதிக்குப் பாதி பாகு கலந்த மாதிரிகள்கூட இந்தியச் சோதனைகளில் தேறின. கடைசியில் உண்மை தெரிந்தது ஜெர்மனியில், காந்த ஒத்ததிர்வுச் சோதனையில். அந்தச் சோதனைக்கும் குறை உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நம் நாட்டுத் தேன்களின் பதிவு போதிய அளவு அதில் இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக 1.35-க்கே திரும்பிப் போவது எந்தக் கணக்கில் சரி?

போலியைத் தேற்றுவதோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இந்த அளவுகோல் அசலைத் தள்ளுகிறது. உதாரணத்துக்கு, திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி ஏறும் வழியில் உள்ள வித்துரா என்ற ஊர். ஒரு பக்கம் ரப்பர்த் தோட்டங்கள், மறுபக்கம் பேப்பாறைக் காடு, காணிக்காரர் குடிகள். இங்கே தேன் என்றால் ஒன்றல்ல. தை மாசியில் ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பை அடுக்குத் தேனீ கொண்டுவந்து பெட்டியை நிறைக்கும். உயர்ந்த மரத்திலும் பாறையிலும் மலைத்தேன் தொங்கும். மூன்றாவது, கொட்டாத சிறு தேனீ சேர்ப்பது. குமரி மாவட்டத்தில் சிறுதேன் என்பார்கள், மற்ற ஊர்களில் கொசுத்தேன். சுவர்ப் பொந்திலும் மூங்கில் குழாயிலும் மண்கலயத்திலும் மெழுகும் பிசினும் குழைத்துக் கட்டிய சிறு கிண்ணங்களில் அது இருக்கும். கிடைப்பது கொஞ்சம், விலை அதிகம், கேரள வைத்தியர்கள் தேடி வாங்குவதும் அதைத்தான். வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் இந்தத் தேனீக்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது.

சிறுதேன் இயல்பிலேயே நீர்த்தது. 25 சதவீத ஈரம் அதற்குச் சாதாரணம், 30 வரையும் போகும். லேசான புளிப்பு அதன் குணம், கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மற்ற தேனில் பெரிதாக இல்லாத டிரெஹாலுலோஸ் என்ற சர்க்கரை கொட்டாத தேனீக்களின் தேனில் நிறைய இருப்பதை 2020-ல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தனை தனித்தன்மை உள்ள பொருளைக் குப்பியில் ஊற்றி எடைபோட்டால் 1.35-க்கு அக்கம்பக்கத்தில், பல நேரம் கீழே நிற்கும். ஈர எல்லையில் நிச்சயம் விழும். காட்டோரத்துக் கலயத்திலிருந்து வந்தது தரக்குறைவு என்றும், ஆலைப்பாகு கலந்தது தரம் என்றும் ஒரே தாள் சொல்கிறது. நம் தரப்பட்டியல் பூவைப் பார்த்து இரங்கத் தெரிந்ததுதான். சஹ்யாத்ரியின் கார்வியா காலோசா பூத்தேனுக்குச் சர்க்கரை அளவில் தனிச்சலுகை தந்திருக்கிறது. தேனீயைப் பார்த்து மட்டும் ஏன் இரங்கவில்லை?

விளைவு தாளோடு நிற்பதில்லை. எண்ணை எட்டவைக்க வேண்டும் என்றால் சிறு உற்பத்தியாளருக்குக் கையெட்டும் வழி ஒன்றுதான்: சூடாக்கித் தண்ணீரை வற்றவைப்பது. சூடேறினால் வாசம் போகும், நொதிகள் அழியும், எச்.எம்.எஃப். என்ற சிதைவுப்பொருள் ஏறும். தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் பழைய விதி, சரகசம்ஹிதையே சொல்கிறது. மருந்துக்காக வாங்கும் தேனை, மருந்து நூல் விலக்கிய முறையில் கெடுத்துத்தான் மருந்துக்குத் தகுதியாக்க வேண்டும் என்றால் அந்தத் தகுதி யாருக்காக? நோயாளிக்காக இல்லை, காட்டிலிருந்து கலயம் கொண்டுவருபவருக்காகவும் இல்லை. பெரிய பீப்பாய்களில் வாங்கி, கலந்து, வடித்து, எண்ணைச் சரிசெய்யும் வசதி உள்ளவருக்காக மட்டுமே.

ஈரம் மிகுந்த தேன் புளித்துப் பொங்கும், அதனால் எல்லை வேண்டும் என்பார்கள். அடுக்குத்தேனுக்கு அந்தக் கவலை நியாயம். சிறுதேனுக்கும் காற்றுப்புகாத குப்பியும் குளிர்ச்சியும் வேண்டும்தான். பாதுகாக்கும் முறையை எழுதுவது வேறு, பொருளையே போலி என்று எழுதுவது வேறு. மலேசியா இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டது. 2017-ல் கெலுலுட் என்னும் கொட்டாத தேனீயின் தேனுக்குத் தனித் தரம் வகுத்து, பதப்படுத்தாத தேனில் ஈரம் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்றது. அந்தத் தேனீக்களை வளர்க்கும் மரபும் அவற்றை ஆராயும் கல்லூரியும் வைத்திருக்கும் நாம் இன்னும் 1.35-ஐப் பிடித்துத் தொங்குகிறோம்.

மருந்தகம் தரம் எழுதும் ஆணையத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தேன் வாங்கும் பதிவேட்டில் எந்தத் தேனீ, எந்தக் காடு அல்லது தோட்டம், எந்த மாதம் எடுத்தது, சூடு காட்டியதா என்று முதலில் எழுதட்டும். ஒப்படர்த்தியையும் எழுதட்டும், ஆனால் ஈரம் என்ற தலைப்பின் கீழ். தூய்மை என்ற கட்டத்தில் எழுத, பாகைப் பிரித்துக்காட்டும் சோதனை கையில் இல்லையென்றால் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். 1.35-ஐ அங்கே எழுதக் கூடாது.