ஃபைஃப் டாக் என்கிற எதிர்க்குரல்

எ டிரைப் கால்டு குவெஸ்ட் என்கிற ஹிப்-ஹாப் குழு எதனால் கலைந்தது என்று கேட்டால் ரசிகர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஜைவ் ரெக்கார்டு கம்பெனியோடு பிணக்கு, தலைவர் க்யூ-டிப்பின் பிடிவாதம், 1998 தொடக்கத்தில் அவர் வீட்டில் பற்றிய தீயில் கருகிப்போன ரெக்கார்டுகள், சக ராப்பர் ஃபைஃப் அட்லாண்டாவுக்குக் குடிபோனது. எல்லாமே நடந்தவைதான். 2011இல் மைக்கேல் ராப்பபோர்ட்டின் ஆவணப்படம் வந்ததிலிருந்து, இது பால்ய சிநேகிதர்கள் இருவரின் மனஸ்தாபக் கதை என்பதே முடிந்த முடிவாகிவிட்டது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் வருகிற, 2008இல் மேடைக்குப் பின்னால் நடந்த சண்டையைப் பார்த்துவிட்டு, பத்து வருடத்துக்கு முந்தைய முறிவை அதை வைத்தே விளக்க முனைவது, பாட்டை விட்டுவிட்டுப் பாடியவர்களைப் பற்றி வம்பளப்பது போலத்தான். முறிவு 1996லேயே ஆல்பத்தில் பதிவாகியிருக்கிறது. அது காதில் விழ வேண்டுமானால் முதலில் ஃபைஃப் டாக்கைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். டிரைப் ரசிகர்களில் பாதிப் பேர் அதைச் செய்ததில்லை.

அவர்களுக்கு டிரைப் என்றால் க்யூ-டிப். பீட் அவருடையது, தேடித் தேடி எடுத்த ஜாஸ் ரெக்கார்டுகள் அவருடையவை, தத்துவமும் அவருடையது. ஃபைஃப் பக்கத்தில் நிற்கிற குள்ளமான நண்பர். அப்படியானால் 1990இல் வந்த முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அதிலும் தலைமை க்யூ-டிப்தான், ஃபைஃப் சில பாட்டுகளில்தான் தலைகாட்டுகிறார். கெட்டிக்காரத்தனமான, குறும்பான ஆல்பம். ஆனால் பல இடங்களில் க்யூ-டிப் தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கிறார். ஃபைஃப் வருகிற 'கேன் ஐ கிக் இட்?' மட்டும் உடனே நிமிர்ந்து உட்கார வைக்கிறது. (லூ ரீடின் பேஸ் வரியை எடுத்ததற்காக அந்தப் பாட்டின் வருமானம் முழுவதும் அவருக்கே போய்விட்டது என்பது தனி வயிற்றெரிச்சல்.) அடுத்த ஆல்பத்துக்கு முன் சப்வே ரயிலில் தற்செயலாகச் சந்தித்தபோது, கூடுதலாகச் சில பாட்டு பாடு, ஆனால் பொறுப்பாக வா என்று க்யூ-டிப் சொன்னதாக ஃபைஃபே கூறியிருக்கிறார். அடுத்து வந்ததுதான் 1991இன் 'தி லோ எண்ட் தியரி'. ரான் கார்ட்டர் வந்து டபுள் பேஸ் வாசித்ததைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். அவர் வாசித்த 'வெர்சஸ் ஃப்ரம் தி அப்ஸ்ட்ராக்ட்' அழகான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அதில் ஃபைஃப் இல்லை. ஆல்பத்துக்கு உயிர் வருவது இரண்டாவது பாட்டில், 'பகின் அவுட்'டின் வாசலிலேயே மைக்கைச் சோதித்தபடி தன் ஐந்தடி உயரத்தை அறிவித்துக்கொண்டு ஃபைஃப் நுழையும்போது.

அந்த நுழைவு ஏன் அப்படித் தைக்கிறது? பாப் பவர் செய்த மிக்ஸைக் கவனித்தால் புரியும். அடியில் கனத்த பேஸ், அதன்மேல் துடைத்து வைத்தாற்போன்ற டிரம், நடுவில் கிட்டத்தட்ட வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு மேலே இரண்டு குரல்கள். க்யூ-டிப்புக்கு மூக்கால் வழுக்கிவருகிற குரல், தாளத்துக்கு ஒரு இழை பின்தங்கிச் சாய்ந்துகொள்ளும். ஃபைஃப் குரல் கீச்சென்று உயர்ந்தது, தாளத்தின் தலையிலேயே வந்து விழுவது. அவர் வரிகளின் கடைசிச் சொல் பெரும்பாலும் வல்லினத்தில் முறியும், ஸ்னேர் அடியோடு சேர்ந்து முறியும். ஒன்று தனியாகப் போனால் மயக்கம், மற்றது தனியாகப் போனால் சச்சரவு. மாறி மாறி வரும்போதுதான் டிரைப். 'செக் த ரைம்' முழுவதும் ஒருவர் கூப்பிட மற்றவர் பதில் சொல்கிற கட்டுமானம். 1993இன் 'எலெக்ட்ரிக் ரிலாக்சேஷன்' இன்னும் நுட்பம். ரானி ஃபாஸ்டரின் 'மிஸ்டிக் ப்ரூ'விலிருந்து எடுத்த லூப் மூன்று ஆவர்த்தனத்தில் திரும்புகிறது. வரிகளோ நாலு கணக்கில் போகின்றன. ஆக ஆள் மாறுகிற இடமும் லூப் திரும்புகிற இடமும் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்புக்கு வந்து இரண்டு, ஒன்று, அரை என்று கைமாற்றிக்கொள்ளும்போது சபை முன்னால் சாய்கிறதே, அந்தப் பரபரப்பு இங்கே உரத்த சத்தமே இல்லாமல் கிடைக்கிறது. (அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர் 2009இல் தன் டிரியோவோடு 'மிஸ்டிக் ப்ரூ'வை வாசித்திருக்கிறார், அந்தக் கோணல் கணக்கு அவரை இழுத்ததில் ஆச்சரியமில்லை.)

ஃபைஃப் பெரிய பாடலாசிரியர் இல்லையே, ராக்கிம் எங்கே இவர் எங்கே என்பார்கள். ராக்கிமோடு ஒப்பிட்டால் யார்தான் மிஞ்சுவார்? ஆனால் க்யூ-டிப்புக்கு எதிரே நிற்க இன்னொரு தத்துவவாதி தேவைப்படவில்லை, பேட்டை ஆள் தேவைப்பட்டது. டிரினிடாட் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தீவின் பேச்சு வரிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். கூடைப்பந்து ஆட்டக்காரர் பெயர் உவமையாக வரும். 1990 மே மாதம் கண்டுபிடிக்கப்பட்ட சர்க்கரை நோயை, மூன்றே வருடத்தில் 'ஓ மை காட்' பாட்டில் விருதுப் பெயர் மாதிரி மார்தட்டிச் சொல்லிவிட்டார். எல்லா எம்சிகளும் தங்களை ராட்சசர்களாக ஊதிக்கொண்டிருந்த காலத்தில், குள்ளத்தையும் நோயையும் வைத்தே சவடால் விடுவதற்கு வேறு வகைத் துணிச்சல் வேண்டும். க்யூ-டிப் ஆகாயத்தில் மிதக்கத் தொடங்கும்போதெல்லாம் காலைப் பிடித்து அவர்கள் பேட்டையான லிண்டன் பூலவார்டுக்கு இழுத்துவந்தது இந்தக் குரல்தான்.

இப்போது 1996இன் 'பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்'. பில்போர்டில் முதலிடத்தில் வந்து இறங்கிய ஆல்பம், ஆகவே வியாபாரத்தைக் கேட்டால் குறையொன்றுமில்லை என்றுதான் சொல்லும். காது வேறு சொல்கிறது. ஃபைஃப் அட்லாண்டாவிலிருந்து வந்துபோய்க்கொண்டிருக்கிறார். க்யூ-டிப்பின் உறவினர் கான்சிக்வென்ஸ் பாட்டுக்குப் பாட்டு ஃபைஃப் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கான்சிக்வென்ஸ் மட்டமான ராப்பர் இல்லை. ஆனால் க்யூ-டிப்புக்கு எதிர்க்குரலும் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேள்வியையே திருப்பிச் சொல்கிறவர். ஒருவர் முழு வெர்ஸையும் முடித்துவிட்டு நகர்ந்துகொள்ள, அடுத்தவர் வருகிறார். குறுக்கே பாய்வது, வரியின் பாதியைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அருகிவிட்டன. 'ஒன்ஸ் அகெய்ன்' பாட்டில் 'செக் த ரைம்'இன் பழைய அழைப்பையும் பதிலையும் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து வைக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் மூச்சு விடுவது போல வந்ததை இப்போது மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. என் கணக்கில் குழு முடிந்த இடம் அதுதான்.

பழியை இந்த ஆல்பத்தில் பீட் செய்த ஜே டீயின் மேல் போடுகிற ஒரு கட்சி உண்டு. டெட்ராய்ட்டிலிருந்து வந்த அந்தப் பையனின் மெத்தை மாதிரியான டிரம்மில் சூடு போய்விட்டது என்பது அவர்கள் வாதம். அது நிற்காது. அதே 1996 கோடையில் அதே ஜே டீ செய்த பீட்டில்தான் டி லா சோல் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை' பாடினார்கள். முந்தைய வருடம் ஃபார்சைடின் 'ரன்னின்'னும் அவர் கைவண்ணம். இரண்டிலும் குரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மெத்தையில் குற்றமில்லை, உட்கார வேண்டியவர்கள் வேறு வேறு ஊரில் இருந்தார்கள். வூ-டாங் குழு வந்து காலத்தையே மாற்றிவிட்டது என்ற சமாதானமும் செல்லாது. வூ-டாங்கின் முதல் ஆல்பமும் டிரைப்பின் 'மிட்நைட் மரௌடர்ஸ்'உம் 1993 நவம்பர் 9 அன்று ஒரே நாளில் வந்தவை. அன்றைக்கு டிரைப்புக்கு ஒரு சேதமும் இல்லை.

அடுத்த ஆல்பமான 'தி லவ் மூவ்மெண்ட்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1998இல் அது வெளிவருவதற்கு முன்பே கலைகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். கேட்டவர்களுக்கு அது செய்தியாகவே இருந்திருக்காது. அதற்குப் பிந்தைய ஹிப்-ஹாப்தான் என் உண்மையான மனக்குறை. விருந்தாளி தன் ஊர் ஸ்டுடியோவில் பதினாறு பார் பாடி ஃபைலாக அனுப்புவார், இங்கே ஒட்டிக்கொள்வார்கள். ஒருவர் என்ன பாடினார் என்பதே மற்றவருக்குத் தெரியாத பாட்டு எத்தனை! தனி நபர்கள் திறமையில் இன்று ஒரு குறையும் இல்லை. ஆனால் இருவர் ஒரே அறையில் நின்று மூச்சு மாற்றிப் பாடுகிற கலை, பயிற்சி விட்டுப்போனதால் மங்கிக்கொண்டிருக்கிறது.

2016 நவம்பரில் வந்த கடைசி ஆல்பத்தை அமெரிக்கத் தேர்தலோடு சேர்த்து, அரசியல் ஆல்பமாகத்தான் கொண்டாடினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. க்யூ-டிப்பின் நியூ ஜெர்சி வீட்டு ஸ்டுடியோவுக்கு, உடம்பு ஒத்துழைக்காத நிலையிலும், கலிஃபோர்னியாவிலிருந்து வந்துபோய் ஃபைஃப் பாடிக்கொடுத்தார். அதே வருடம் மார்ச் 22 அன்று, ஆல்பம் வெளிவருமுன்பே, சர்க்கரை நோயின் சிக்கல்களால் இறந்தபோது அவருக்கு வயது 45. 'டிஸ் ஜெனரேஷன்' பாட்டில் ஃபைஃப், க்யூ-டிப், குழுவின் இன்னொரு ஆளான ஜரோபி, விருந்தாளி பஸ்டா ரைம்ஸ் நால்வரும் வரியை நடுவிலேயே கைமாற்றுகிறார்கள், 1993 நேற்றுதான் என்பது போல. கான்சிக்வென்ஸ் இந்த ஆல்பத்திலும் உண்டு, உறுத்தவே இல்லை. இந்த முறை அவர் யாருடைய நாற்காலியிலும் உட்காரவில்லை. அதே ஆல்பத்தின் 'தி கில்லிங் சீசன்' பாட்டில் டாலிப் குவெலி இருக்கிறார், கான்யே வெஸ்ட் இருக்கிறார், ஃபைஃப் இல்லை. அது வேறு யாருடைய ஆல்பத்தில் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.