அடியா, ஆதியா?

கிரிவலப் பாதையில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். சிலர் 'அடி அண்ணாமலை' என்கிறார்கள், சிலர் 'ஆதி அண்ணாமலை'. ஒன்று மலையின் பாதத்தைச் சொல்கிறது. மற்றது, 'இங்கேதான் முதல் கோயில்' என்று உரிமை கொண்டாடுகிறது. டவுனில் பெரிய கோயில், இங்கே சின்னக் கோயில். இரண்டிலும் அண்ணாமலையார்தான். எது அசல் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், சண்டை நிச்சயம்.

இந்தமுறை பையில் இருந்தது சுசுமு ஓனோவின் 'எவல்யூஷன் பை ஜீன் டூப்ளிகேஷன்'. 1970-ல் வந்த புத்தகம். (இந்த ஓனோ டிஎன்ஏ வரிசைகளைச் சங்கீதமாக மாற்றியவரும்கூட.) அவர் வாதம் எளிது. முக்கியமான வேலையில் இருக்கும் ஜீனில் கை வைத்தால் ஆள் காலி. அதுவே தப்பித்தவறி இரண்டாகிவிட்டால், ஒன்று சம்பாதிக்கும், மற்றது ஊர் சுற்றலாம். பெரும்பாலும் உருப்படாது. அபூர்வமாகப் புதுத்தொழில் கற்றுக்கொண்டு வரும். ஹால்டேன் (1964-ல் நம் புவனேஸ்வரில் இறந்தவர்) 1930-களிலேயே இதைத் தொட்டுவிட்டார். ஓனோ அதையே பிடிவாதமாக ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னார். முதுகெலும்பிகளின் மூதாதையரிடம் மொத்த ஜீனோமே இரட்டித்தது என்று, ஜீனோமைப் படிக்க வழியே இல்லாத காலத்தில் அடித்துச் சொன்னாரே, அந்தத் துணிச்சலுக்காகவே படிக்கலாம். இன்று அதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

என் குறை, அந்தப் 'பொறுப்பான அண்ணன், ஊதாரித் தம்பி' சித்திரத்தில்தான். 1999-ல் ஃபோர்ஸ், லிஞ்ச் கோஷ்டி வேறு கதை சொன்னது. பழைய ஜீனுக்கு இரண்டு வேலை என்று வையுங்கள். ஒரு பிரதியில் ஒரு வேலை பழுது, மற்றதில் மறு வேலை பழுது. அப்புறம் இரண்டுமே தேவை. எலியில் ஒரே ஜீன் பார்க்கும் வேலையை ஜீப்ரா மீனில் ஒன்று துடுப்பிலும் ஒன்று தண்டுவடத்திலும் பிரித்துக்கொண்டிருக்கின்றன. யாரும் புதிதாக எதுவும் கற்கவில்லை. வெறும் பாகப்பிரிவினை! இதில் எது அசல், எது நகல் என்று கேட்பதே அபத்தம்.

பாதையோரக் குரங்கைப் பாருங்கள். சிவப்பு, பச்சை உணரும் நம் ஜீன்கள் ஒன்றிலிருந்து இரண்டானவை. சுமார் 3 கோடி வருஷக் கதை. குரங்குக்கும் அதே ஜோடி உண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் நாய்க்குக் கிடையாது. எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்த வீடு. புரதத்தின் 364 அமினோ அமிலங்களில் சுமார் 15 மட்டுமே வித்தியாசம். அத்தனை ஒற்றுமைதான் வினை. கருமுட்டை உருவாகையில் ஜோடி மாறிச் சேர்ந்து, சமயத்தில் ஒன்று தொலைந்துபோகும்.

கூட வந்த உறவுக்காரப் பையனுக்கு அப்படித்தான். டிரைவர் வேலை கண் டெஸ்டோடு போய்விட்டது. அவன் அம்மா பரிகாரமாக வெறுங்காலோடு சுற்றினாள். "நான் என்ன பாவம் பண்ணேண்ணா?" என்றாள்.

பையன்களுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வருகிறது என்பதை நான் சொல்லவில்லை.