அருணாசலத்தின் அரசியல் வாழ்வு: ஒரு மதிப்பீடு

அரசியலறிஞர் ஒருவரின் பெருமையை அவர் வேண்டிய உரிமையின் அளவால் மட்டும் துணிதல் கூடாது. அவ்வுரிமை யாரை அளாவிற்று என்பதையும் நோக்குதல் வேண்டும். 1776 இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் மனிதர் யாவரும் சமம் என வரைந்த ஜெபர்சன், தம் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார். இவ்வளவுகோல் கொண்டு சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வாழ்வை ஆராய்தல் தகும்.

1853 இல் பிறந்த அருணாசலம், கேம்பிரிட்ஜிற் கற்று, 1875 இல் திறந்த போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையரானார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. 1913 இல் ஓய்வுபெற்றபின் அரசியற் சீர்திருத்தத்திற்கு உழைத்து, 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓராசனம் என்ற வாக்குறுதி காக்கப்படாமையால் 1921 இல் அதனின்றும் விலகினார். இவ்விரு நிகழ்ச்சிகளைக் கொண்டே ஒரு சாரார் அவரைத் தேசியத் தந்தை என்பர். மற்றொரு சாரார் வகுப்புவாதி என்பர். இருவரும் அவர்தம் தொண்டின் ஒரு பகுதியைக் காணாது விட்டனர்.

இன்று நாவுல, நாலந்தை ஊடாக மாத்தளை செல்லும் வடபாதையை அண்டியே, மன்னாரில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் அக்காலத்திற் கால்நடையாக வந்தனர். 1865 ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகல்வோர் சிறை புகுதல் வேண்டும். தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டோ, கடனோடு ஆளையும் கைமாற்றியது. வாக்குரிமையற்ற இம்மக்களால் அருணாசலம் அடையத்தக்க அரசியற் பயன் யாதுமில்லை. எனினும், 1919 இல் தொழிலாளர் நலச் சங்கம் நிறுவி, அத்தண்டனை விதிகளை எதிர்த்தார். 1921 இல் துண்டுமுறை ஒழிந்தது. இந்திய அரசின் நெருக்குதலும் அதற்கொரு காரணமாயினும், இலங்கையரிடையே இக்குரலை எழுப்பிய முன்னோடி அவரே.

குறை இல்லாமலில்லை. அச்சங்கம் கற்றோர் சங்கமாகும். தொழிலாளருக்காகப் பேசியதேயன்றி, தொழிலாளரைப் பேசவைத்ததன்று. அப்பணிக்கு 1931 இல் நடேசய்யர் தோட்டத் தொழிற்சங்கம் அமைக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. பிறர் கருணையில் தங்கிய உரிமையின் நிலையாமையை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மெய்ப்பித்தது.

1924 இல் மதுரையில் மறைந்த அப்பெரியாரை ஆசனப் பிணக்கொன்றால் அளத்தல் முறையன்று. தமக்கு வாக்களிக்க இயலாதார்க்கும் வாதாடினார் என்பதே அவர்தம் அரசியலின் உரைகல்லாகும்.