பிளட் பவுல்: அடிதடிக்குள் ஒரு கணக்கு

ஓர்க்குகளும் எல்ஃப்களும் குள்ளர்களும் கவசம் மாட்டிக்கொண்டு அமெரிக்கக் கால்பந்து ஆடினால்? இந்தக் கேலிக்கு 1986-இல் விளையாட்டு வடிவம் கொடுத்தவர் ஜெர்விஸ் ஜான்சன். வெளியிட்டது இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப். மேசைமேல் சிறு பொம்மைகளை நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் இந்த ‘பிளட் பவு’லுக்கு இன்று தனி உலகக் கோப்பையே உண்டு. 2023-இல் ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் நடந்தது.

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். எதிரே நிற்பவனையெல்லாம் அடித்துச் சாய்க்கக் கை பரபரக்கிறது. அடிப்பதில் தவறில்லை, ஆட்டத்தின் சுவையே அதுதான். யாரை எப்போது அடிப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

களம் 26 கட்ட நீளம், 15 கட்ட அகலம். அணிக்குப் பதினோரு பேர். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணிக்கு எட்டு முறை வாய்ப்பு. உங்கள் முறையில் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நகர்த்தலாம். ஆனால் நடுவில் உங்கள் ஆள் ஒருவன் விழுந்தாலோ, பந்தை எடுக்கப்போய்த் தவறவிட்டாலோ கதை முடிந்தது. கபடியில் பாடு விட்டவன் நிலைதான்: மிச்சமிருக்கும் ஆட்கள் அசையாமல் நிற்க, ஆட்டம் எதிராளியின் கைக்குப் போய்விடும். இதற்கு ‘டர்ன்ஓவர்’ என்று பெயர். விதிப்புத்தகத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

இனி பகடைக்கு வருவோம். சம பலமுள்ள இருவர் மோதினால் ஒரு பகடை. அதன் ஆறு முகங்களில் ஒன்று மண்டையோடு, அடித்தவனே விழுவான். இன்னொன்றில் இருவரும் விழுவார்கள். அடிப்பவனுக்கு ‘பிளாக்’ திறன் இருந்தால் இந்த இரண்டாவது முகம் அவனை ஒன்றும் செய்யாது. திறன் இல்லாதவனுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆபத்து. அப்படி மூன்று மோதல்களை அடுத்தடுத்து வைத்தால், மூன்றையும் விழாமல் கடக்கும் வாய்ப்பு முப்பது சதவீதம்தான். பக்கத்தில் ஒரு துணையாளை நிறுத்திப் பலத்தைக் கூட்டினால் இரண்டு பகடை உருட்டி, பிடித்ததை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அப்போது ஆபத்து ஒன்பதில் ஒன்று. பிளாக் திறனும் சேர்ந்தால் முப்பத்தாறில் ஒன்று! திறனில்லாதவனை ஒற்றைப் பகடையோடு மோதவிட்டுவிட்டுப் பகடையைத் திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஆகவே பகடை தேவைப்படாத நகர்வுகளை முதலில் முடியுங்கள். பிறகு இரட்டைப் பகடை மோதல்கள். பந்தை எடுப்பது அதற்கும் பின்னால். தரையில் கிடக்கும் பந்தைச் சாதாரண மனித வீரன் எடுக்க எண் பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழ வேண்டும். அது தவறினாலும் பந்தைச் சுற்றி உங்கள் ஆட்கள் முன்கூட்டியே நின்றால் பெரிய சேதமில்லை.

அடுத்து, நேரம். பந்து வைத்திருப்பவனின் நான்கு மூலைகளிலும் நான்கு பேரை நிறுத்துவதைக் ‘கேஜ்’ என்பார்கள். அந்தக் கூண்டை மெல்ல மெல்ல நகர்த்தி எட்டாவது முறையில் டச்டவுன் போட்டால், அதாவது எதிராளியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால், எதிராளிக்கு அந்தப் பாதியில் மிஞ்சுவது ஒரே ஒரு முறை. ஆசைப்பட்டு மூன்றாவது முறையிலேயே போட்டுவிட்டால் அவருக்கு ஆறு முறை மிச்சம். இந்த ஆமை நடை அலுப்பு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோற்றவர்கள்தான் அதிகம் சுளிக்கிறார்கள்.

எந்த அணியோடு தொடங்குவது? பொம்மையின் அழகில் மயங்கி எல்ஃப்களை வாங்காதீர்கள். வேகமும் லாவகமும் உண்டு, அடி தாங்க மாட்டார்கள். குட்டி மனிதர்களான ஹாஃப்ளிங்குகளின் அணி அனுபவசாலிகள் வேடிக்கைக்கு எடுப்பது. 2020-ஆம் ஆண்டுப் பெட்டியில் வந்த கறுப்பு ஓர்க்குகள் பலசாலிகள், ஆனால் பந்தைக் கையாளத் தெரியாதவர்கள். மனிதர்களும் ஓர்க்குகளும்தான் கற்றுக்கொள்ளச் சரியான அணிகள். 2020 பதிப்பில் இரண்டிலும் பிளாக் திறனுள்ள ‘பிளிட்ஸர்’ என்னும் தாக்குநர்கள் நான்கு பேர் வரை கிடைத்தார்கள்.

அணி அமைக்கப் பத்து லட்சம் பொற்காசு தருகிறார்கள். அதில் மூன்று ‘ரீரோல்’களுக்கு, அதாவது பகடையை மறுபடி உருட்டும் வாய்ப்புகளுக்கு, முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். 2020 பதிப்பில் மனித அணிக்கு ஒன்று 50,000. லீக் தொடங்கியபின் வாங்கினால் இருமடங்கு. நட்சத்திர வீரர்களெல்லாம் பிறகு.

வண்ணம் பூசுவதற்காக ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம். யார் பிளிட்ஸர், யார் சாதாரண ஆள் என்று அடையாளம் தெரிந்தால் போதும். நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு இந்த வாரமே ஒரு பாதியை மட்டும் ஆடிப் பாருங்கள்.