சாய்ந்த எழுத்து

அடுத்த முறை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பக்கவாட்டில் குண்டாக, வலப்புறம் சாய்த்துப் பெயர் எழுதிய தனியார் பஸ் ஏதாவது வந்தால் இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். டிரைவர் பக்கம் எழுத்து முன்னே பாய்கிறது. படிக்கட்டுப் பக்கம் அதே எழுத்து பின்னால் சரிகிறது, யாரோ சடன் பிரேக் போட்ட மாதிரி! வேகத்துக்காகச் சாய்த்தவர், பஸ்ஸுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை யோசிக்கவில்லை.

இங்கிலீஷில் இட்டாலிக் என்பது வெறும் சாய்வு இல்லை, தனி எழுத்து. 1501ல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் புத்தகமாக அச்சிட்டபோது, அன்றைய கையெழுத்தைப் பார்த்து பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்தது. குண்டு எழுத்து வந்தது அதற்கு முந்நூறு வருஷம் கழித்து, லண்டனில், லாட்டரி நோட்டீஸ் மாதிரி சமாசாரங்களுக்கு. இரண்டையும் கலந்து, முனைகளில் செரிஃப் என்கிற குட்டிப் பாதங்களை வைத்தால் சந்தையில் கூவுகிற எழுத்து ரெடி. நாலு வார்த்தைத் தலைப்புக்குப் பிரமாதம். ஒரு பாரா படித்தால் தலைவலி.

தமிழில் நடப்பது வேறு. விண்டோஸ் 2000த்தோடு வந்த 'லதா'வில் சாதா, தடிமன் இரண்டுதான். சாய்வு கேட்டால் கம்ப்யூட்டர் எழுத்தை அப்படியே பிடித்துத் தள்ளுகிறது, காற்றில் சாய்ந்த வேலி போல. ஃப்ளெக்ஸ் கடையில் அதற்கு மேல் ஓர் அவுட்லைன், ஒரு நிழல். விளைவு? 'ண'வின் சுழி அடைத்துக்கொண்டு 'ன'வாகிறது. 'கீ'யின் சுழி மூடிப்போய் 'கி'யா 'கீ'யா என்று தேட வேண்டியிருக்கிறது. இங்கிலீஷில் பெரும்பாலும் குச்சிகள் தடிக்கும். நமக்கோ எழுத்தெல்லாம் வளையம். உள்ளே கொஞ்சம் காற்று வேண்டாமா?

காதுகுத்துக்கு, கட்சி மாநாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், சந்தோஷத்தில் கத்தலாம். கண்ணீர் அஞ்சலிக்கும் அதே எழுத்தா? இறந்தவர் எங்கோ அவசரமாக ஓடுகிறார் போலிருக்கிறது.

இத்தனைக்கும் இது நடுகல் ஊர். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மாடுபிடிச் சண்டையில் விழுந்தவனுக்குப் பல்லவர் காலத்தில் நட்ட கல், அதில் வட்டெழுத்து. உளியால் வெட்டியதுதான், ஆனாலும் கையின் ஓட்டம் தெரியும். எந்த ராஜாவுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான், அவ்வளவுதான் விஷயம். ராஜா பெயரும் சேவகன் பெயரும் ஏறக்குறைய ஒரே அளவு. இன்றைய அஞ்சலி போஸ்டரில் வைத்தவர் பெயர்தான் பெரிசு!

தமிழுக்கு நிஜமான சாய்வெழுத்து வேண்டுமென்றால் அந்த ஓட்டத்திலிருந்தோ, தாத்தாக்களின் போஸ்ட் கார்டு கையெழுத்திலிருந்தோ ஆரம்பிக்கலாம். எழுத்துரு செய்கிற இளைஞர்கள் யாராவது முயற்சி பண்ணுங்களேன். அதுவரை, அஞ்சலி பேனர் அடிக்கப் போகிறவர்கள் எழுத்தை நிமிர்த்தி, நிழலை எடுக்கச் சொல்லுங்கள். காசு எப்படியும் சதுர அடிக் கணக்குத்தான்.