தலை சர்க்கரை, வால் செம்பனை

ஈப்போவின் பேரங்காடிகளில் ‘தாவர மூலம்’, ‘மென்மையானது’ என்று முகப்பில் எழுதிய ஷாம்புகளும் பாத்திரம் கழுவும் திரவங்களும் பெருகிவிட்டன. புட்டியைத் திருப்பினால் பொடி எழுத்தில் டெசைல் குளூக்கோசைடு, லாரைல் குளூக்கோசைடு என்ற பெயர்கள் இருக்கும். சர்க்கரையைக் கொண்டு செய்யும் நுரைப்பொருள்கள் இவை. நான் இவற்றை வரவேற்கிறவன். ஆனால் ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லால் இவற்றைப் புகழ்ந்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. இவற்றின் நிறையும் குறையும் மூலக்கூறு கட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கின்றன. அங்கே போய்த்தான் இவற்றை எடைபோட வேண்டும்.

அழுக்கைப் பிரிக்கும் எந்த மூலக்கூறுக்கும் நீரை நாடும் தலை ஒன்று, எண்ணெயை நாடும் வால் ஒன்று. சாதாரணச் சவர்க்காரத்தின் தலையில் எதிர்மின்சுமை உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகளை ஒட்டிய கிணற்று நீரில் கால்சியம் கரைந்திருக்கும். அது அந்தத் தலையைப் பற்றிக்கொள்ள, சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் திரிந்துவிடும். குளுக்கோஸ் தலைக்கு மின்சுமை கிடையாது. தன் ஹைட்ராக்சில் தொகுதிகளால் அது நீரைப் பிடித்துக்கொள்கிறது; கால்சியத்துக்கு அங்கே வேலையில்லை. எத்திலீன் ஆக்சைடில் செய்த தலைகள் சூடேறினால் நீரை விட்டு விலகும், கரைசல் கலங்கும். சர்க்கரைத் தலை வெந்நீரிலும் பிடியைத் தளர்த்துவதில்லை.

வாலின் கதை இன்னும் சுவையானது. வாலில் இரண்டு கார்பன் கூடினால், மிசெல் என்னும் நுண்திரள்கள் உருவாகத் தேவைப்படும் அளவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எட்டுக் கார்பன் வாலுக்கு லிட்டருக்கு 20 மில்லிமோலுக்கு மேல் வேண்டும், பத்துக்கு ஏறக்குறைய 2, பன்னிரண்டுக்கு 0.2 போதும். அப்படியானால் வாலை நீட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். முடியாது. பன்னிரண்டு கார்பன் வாலும் ஒரே ஒரு குளுக்கோஸும் கொண்ட தூய பொருள் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாது. தலையில் இன்னொரு குளுக்கோஸைச் சேர்த்தால் தாராளமாகக் கரைகிறது. மிசெல் உருவாகத் தேவைப்படும் அளவோ பெரிதாக மாறுவதில்லை. வால் ஒட்டியிருக்கும் திசைகூட முக்கியம். எட்டுக் கார்பன் குளூக்கோசைடின் பீட்டா வடிவம் அறை வெப்பத்தில் கரையும், ஆல்ஃபா வடிவம் வெதுவெதுப்பான நீரைக் கேட்கும். அணுக்களின் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றே.

வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1893-இல் காட்டிய வழியில், அமிலத்தின் துணையோடு சர்க்கரையையும் ஆல்கஹாலையும் இணைத்தால் எல்லா வடிவங்களும் கலந்தே வருகின்றன. தொழிற்சாலைச் சரக்கில் ஒரு வாலுக்குச் சராசரியாக ஒன்றரைக்குச் சற்றுக் குறைவான குளுக்கோஸ்தான். இந்தக் கலப்படத்தைக் குறை என்று சொல்லமாட்டேன். தூய பொருள் படிகமாக உறையும் இடத்தில் கலவைதான் கரைந்து நின்று வேலை செய்கிறது.

குறைகள் வேறு இடத்தில். தலையையும் வாலையும் சேர்க்கும் அசெட்டால் பிணைப்பு காரத்தைத் தாங்கும், கடும் அமிலத்தில் அறுந்துபோகும். கழிவறைக்கான அமிலத் திரவங்களுக்கு இது ஏற்றதன்று. தோலுக்கு மென்மை என்பது பெரும்பாலோருக்கு மெய்தான். ஆனாலும் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2017-இன் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என இந்த ஆல்கைல் குளூக்கோசைடுகளையே அறிவித்தது. மென்மையை நம்பி வாங்குகிறவர்களில் ஏற்கெனவே தோல் புண்பட்டவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி புட்டியின் முகப்பிலிருந்து கிடைப்பதில்லை.

பேராக்கில் இருந்து பார்க்கும்போது எனக்குப் பெரிதாய்த் தெரியும் குறை வேறு. ஒற்றைக் குளுக்கோஸ் கொண்ட லாரைல் குளூக்கோசைடின் எடையில் ஏறக்குறையப் பாதி, வால். சர்க்கரை மரவள்ளியிலிருந்தோ சோளத்திலிருந்தோ வரலாம். பன்னிரண்டு கார்பன் வாலுக்குத் தென்னையை விட்டால் செம்பனைதான். அதிலும் பழச்சதையின் எண்ணெய் உதவாது. அதில் மிகுந்திருப்பவை பதினாறு, பதினெட்டுக் கார்பன் சங்கிலிகள். பருப்பெண்ணெயில்தான் கிட்டத்தட்டப் பாதி, பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றிய மாநிலம் இது. அந்தப் பால்மரத் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பால் வெட்டிய குடும்பங்கள் பல லயத்தை விட்டு நகர ஓரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. நிலம் கைமாறிய இந்த வரலாறு வாலோடு வருகிறது. புட்டியோ சர்க்கரையின் பெயரை மட்டும் சொல்லி நற்பெயர் வாங்கிக்கொள்கிறது.

வாலை மாற்ற முடியுமா என்ற ஆய்வும் இந்நாட்டிலேயே நடந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ரவுசா ஹாஷிம், தோர்ஸ்டன் ஹைடல்பெர்க் முதலானோர் கிளைவிட்ட வால் கொண்ட சர்க்கரைக் கொழுப்புகளை உருவாக்கி ஆராய்ந்தார்கள். கிளைத்த வால்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளாததால் உருகுநிலை இறங்குகிறது. ஆனால் வால் அகன்று தலையை மீறும்போது திரள் உள்ளே கவிழ்கிறது: தலைகள் உள்ளே, வால்கள் வெளியே. மருந்தைச் சுமந்து செல்ல அது நல்ல அமைப்பு. பாத்திரம் கழுவ உதவாது. சலவைக்கு நேரான பன்னிரண்டு கார்பன் வாலை எளிதில் விட்டுவிட முடியாதென்றால், அந்த வால் எந்த மரத்திலிருந்து, எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதைச் சர்க்கரையின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். ‘தாவர மூலம்’ என்ற இரண்டு சொற்களை அதற்கு ஈடாக நான் ஏற்கமாட்டேன்.